யூரித்தேன் ரப்பர்ல பாகம் செய்யப் போறீங்களா? ரப்பரை விடுங்க, முதல்ல அச்சைப் பாருங்க!

இருபது வருஷமா உழைக்கிற மிக்ஸி. மோட்டார் நல்லா இருக்கு, பிளேடு நல்லா இருக்கு. ஆனா அடியில் இருக்கிற நாலு ரப்பர் கால்களில் மூணு போயே போச்சு. ஸ்விட்சைப் போட்டதும் மிக்ஸி மேடை மேல் நடக்க ஆரம்பிக்குது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டால், "இந்த மாடலே இப்ப வர்றதில்லைங்க" என்கிறார்கள்.

இப்படி ஒரு நிலைமை உங்களுக்கும் வந்திருக்கலாம். மிக்ஸி காலாக இல்லாவிட்டால் தையல் மெஷின் புஷ், பழைய ஸ்டூலின் அடி ரப்பர், கதவு இடிக்காமல் இருக்க வைக்கும் ஸ்டாப்பர். இதையெல்லாம் வீட்டிலேயே வார்த்து எடுக்க இரண்டு பாட்டில்களில் வரும் யூரித்தேன் ரப்பர் இப்போது ஆன்லைனில் சுலபமாகக் கிடைக்கிறது. இரண்டையும் சொன்ன அளவில் கலந்து ஊற்றினால், மறுநாள் ரப்பர். கேட்க எளிது. வாங்குகிற எல்லோரும் எந்த ரப்பர் நல்லது என்றுதான் தேடுகிறார்கள். ஆனால், காசு வீணாவது பெரும்பாலும் ரப்பரில் இல்லை. அதை எதில் ஊற்றினோம் என்பதில்தான்.

காரணம் எளிது. யூரித்தேன் பிறவியிலேயே ஒரு பசை. 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவர் குழுவும் கண்டுபிடித்த பாலியூரித்தேன் குடும்பம்தான் இன்று செருப்பு ஒட்டும் பசையாகவும், மரத்துக்கு அடிக்கும் பி.யூ. பாலிஷாகவும் வருகிறது. இட்லித் தட்டில் எண்ணெய் தடவினால் இட்லி வந்துவிடும். இது இட்லி மாவு இல்லை. மரம், உலோகம், கண்ணாடி, அக்ரிலிக், பிளாஸ்டர் என்று கிடைத்ததையெல்லாம் பிடித்துக்கொள்ளும். பிடித்தபின் அச்சை உடைத்தால்தான் பாகம். சில சமயம் உடைத்தாலும் இல்லை.

அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. குக்கர் கேஸ்கெட், மிக்ஸி ஜார் மூடியின் வாஷர், கேஸ் அடுப்பில் வரும் எந்த ரப்பரும், வண்டியின் பிரேக், சஸ்பென்ஷன் பாகங்கள் – இவற்றை வீட்டில் வார்க்கவே கூடாது. நீராவியும் சூடும் யூரித்தேனை மெள்ள மெள்ளச் சிதைக்கும். சாப்பாட்டில் படும் இடத்துக்கும் இந்த ஹாபி ரப்பர்கள் சரிவராது. கால், புஷ், ஸ்டாப்பர், உருளை மாதிரி விஷயங்களோடு நிறுத்திக்கோங்க.

பாகம் மெதுவா, அச்சு மெதுவா?

அச்சு என்றதுமே எல்லோரும் சொல்வது சிலிக்கான். அது தப்பில்லை. ஆனா எப்பவும் அவசியமும் இல்லை.

குல்ஃபி கடினமானது, அச்சும் கடினமானது. அதனால்தான் அது கூம்பு வடிவத்தில் இருக்கிறது, நேராக இழுத்தால் வந்துவிடும். நடுவில் இடுப்பு மாதிரி ஒரு பள்ளம் இருந்திருந்தால் குல்ஃபி வெளியே வந்திருக்காது. ஆக, அச்சு, பாகம் இரண்டில் ஒன்றாவது வளைந்து கொடுக்க வேண்டும். நாம் வார்ப்பதோ ரப்பர். அதுவே வளையும். அதனால் கடினமான அச்சிலிருந்தும் அதைக் கழற்றி எடுக்க முடியும்.

எவ்வளவு வளையும் என்பதை டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். 'ஷோர் ஏ' என்று ஓர் எண் இருக்கும். கார் டயரின் மேல்பகுதி ஏறத்தாழ 60 முதல் 70. ஸ்கேட்போர்டு சக்கரம் 80-லிருந்து 100 வரை. மிக்ஸி காலுக்கு 40, 50 போதும். எண் ஏற ஏறப் பாகம் விறைப்பாகும். 80-க்கு மேல் போனால் அது கிட்டத்தட்ட குல்ஃபி மாதிரிதான், இடுப்புப் பள்ளம் இருந்தால் கடினமான ஒற்றை அச்சிலிருந்து வராது.

இதனால் முதல் கேள்வி இப்படி: பாகத்தின் வடிவம் நேரானதா, பள்ளம் மேடு உள்ளதா? நேரான வளையம், உருளை, தட்டையான வாஷர் என்றால் சிலிக்கானுக்குச் செலவழிக்கத் தேவையே இல்லை. பள்ளம் இருந்து, அதே பாகம் நாலைந்து வேண்டுமென்றால் சிலிக்கான்.

தண்ணிதான் வில்லன்

யூரித்தேனின் ஒரு பாட்டிலில் இருப்பது ஐசோசயனேட், மற்றதில் பாலியால். இந்த ஐசோசயனேட்டுக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது. தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை வெளியிடும். மெத்தைக்கும் சோபாவுக்கும் வரும் ஃபோம் இந்த வினையை வேண்டுமென்றே நடக்கவிட்டுச் செய்வதுதான். நமக்கு ஃபோம் வேண்டாம், ரப்பர் வேண்டும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மலிவு, எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் என்று நானும் ஒருமுறை அதில் அச்சு செய்தேன். இரண்டு நாள் காய்ந்திருந்தது. தொட்டால் சுத்தமாக உலர்ந்த மாதிரிதான் இருந்தது. மறுநாள் எடுத்துப் பார்த்தால், அச்சைத் தொட்ட பக்கம் முழுக்க ரஸ்க் மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு ரப்பர். பிளாஸ்டர் தொடுவதற்குக் காய்ந்துவிட்டது, உள்ளே காயவில்லை. பிளாஸ்டரைப் பயன்படுத்தியே ஆகணும்னா பல நாள் வெயிலில் காயவைத்து, ஷெல்லாக் இரண்டு மூன்று கோட் அடித்து, அதன்மேல் மெழுகும் பூச வேண்டும். இவ்வளவு வேலைக்கு அது மலிவே இல்லை.

மரமும் அப்படித்தான். பார்வைக்குத் தெரியாத ஈரம் உள்ளே இருக்கும், நரம்புக்குள் யூரித்தேன் புகுந்து பிடித்துக்கொள்ளும். வார்னிஷால் முழுசாக அடைத்தால்தான் உதவும். சன்மைக்கா ஒட்டிய பலகை விதிவிலக்கு. வழவழப்பாக இருக்கும், ஈரம் ஏறாது, மெழுகு தடவினால் பிரிந்து வரும். சிலிக்கான் ஊற்ற நாலு பக்கச் சுவர் கட்டவும் அது அருமை.

கடலோர ஊர்களில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். மழைக்காலத்தில் காற்றே ஈரம். பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு போன் பேசப் போய்விட்டால், உள்ளிருக்கும் ஐசோசயனேட் காற்றின் ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். ஊற்றியதும் மூடுங்கள். மிச்சம் வைத்த பாட்டிலை அடுத்த மாதம் திறந்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கட்டி தெரியலாம், அதை வைத்து வார்க்க வேண்டாம்.

சிலிக்கானில் இரண்டு ஜாதி

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிங்க. உங்களிடம் மிச்சமிருக்கும் அந்த ஒரே ஒரு நல்ல மிக்ஸி காலை வைத்துத்தான் அச்சு எடுக்கப்போகிறீர்கள். தப்பான சிலிக்கானை ஊற்றினால் அச்சும் போகும், அந்தக் காலைச் சுத்தம் செய்யவும் படாதபாடு படணும்.

அச்சுக்கு விற்கும் சிலிக்கான் இரண்டு விதம். ஒன்று, டின் கியூர். வெள்ளை நிறத்தில் கெட்டித் தயிர் மாதிரி ஒரு டப்பாவும், கூடவே சின்ன பாட்டிலில் சில சதவிகிதமே சேர்க்க வேண்டிய கேட்டலிஸ்ட்டும் வரும். மற்றது, பிளாட்டினம் கியூர். பெரும்பாலும் இரண்டு சம அளவு பாட்டில்கள். இரண்டாவதுதான் விலை அதிகம். காய்ந்தபின் கிட்டத்தட்டச் சுருங்கவே சுருங்காது, சூடு தாங்கும், பல வருஷம் அலமாரியில் இருந்தாலும் கெடாது. டின் வகை காய்ந்தபின் சற்றே சுருங்கும், சில வருஷங்களில் மெதுவாக நொறுங்கத் தொடங்கும்.

இதைப் படித்தால் யாருக்கும் தோன்றுவது, 'காசு போனாலும் பரவாயில்லை, பிளாட்டினமே வாங்கிடலாம்' என்பதுதான். நம் மிக்ஸி கால் விஷயத்தில் அதுதான் தப்பான முடிவு.

ஏன் என்றால், பிளாட்டினம் சிலிக்கானுக்கு ஒரு பலவீனம் உண்டு. கந்தகம் பட்டால் அது காயாது. பழைய ரப்பரை உறுதியாக்குவதே கந்தகம்தான். சார்லஸ் குட்இயர் 1839-ல் ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கிக் கண்டுபிடித்த முறையில்தான் இன்றும் டயரிலிருந்து செருப்பு அடி வரை தயாராகிறது. உங்கள் மிக்ஸி காலிலும் அந்தக் கந்தகம் இருக்க வாய்ப்பு அதிகம். அதன்மேல் பிளாட்டினம் சிலிக்கானை ஊற்றினால், வெளிப்பக்கம் அழகாக உறையும். காலைத் தொட்ட இடம் மட்டும் பிசுபிசுவென்று பாகு மாதிரியே இருக்கும். எத்தனை நாள் காத்திருந்தாலும் அப்படியேதான். நமக்குத் தேவையான இடமே அதுதானே!

கந்தகம் மட்டுமில்லை. லேடெக்ஸ் கையுறை, கந்தகம் கலந்த சில மாடலிங் களிமண், ஒழுங்காகக் காயாத ரெசின் பிரின்ட், சில எபாக்ஸிகள், டின் சிலிக்கானே கூட பிளாட்டினம் வகையைக் கெடுக்கும். தேய்ந்துபோன காலை எபாக்ஸி புட்டி வைத்து ஒட்டிச் சரிசெய்து, அதன்மேல் பிளாட்டினம் ஊற்றினாலும் இதே ஆபத்து உண்டு. வினைல் கையுறை போடுங்க. சந்தேகம் இருந்தால் பாகத்தின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, காய்கிறதா என்று பார்த்துவிட்டு முழுசாக ஊற்றுங்கள். அந்த ஒரு சொட்டுச் சோதனையைத் தவிர்த்தவர்கள்தான் அதிகம் புலம்புகிறார்கள்.

டின் வகைக்கு இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. பழைய ரப்பர் மேலும் பொதுவாகச் சிக்கலில்லாமல் காயும். சுருக்கத்தைப் பற்றிக் கவலையா? 3 சென்டிமீட்டர் காலில் அரை சதவிகிதம் சுருங்கினால் 0.15 மில்லிமீட்டர். மிக்ஸிக்குத் தெரியவே தெரியாது. துல்லியமான கியர், அளவு மாறக் கூடாத பாகம், 3டி பிரின்ட்டிலோ உலோகத்திலோ செய்த மாஸ்டர் என்றால் அப்போது பிளாட்டினத்துக்குப் போகலாம். அங்கே அது கொடுக்கிற காசுக்கு உழைக்கும்.

ஆனால் டின் வகையிலும் ஒரு பொறுமைச் சோதனை இருக்கிறது. அது காயும்போது ஆல்கஹால் வெளிவரும். அச்சு உறைந்த அன்றே அதில் யூரித்தேன் ஊற்றினால், அந்த மிச்ச ஆல்கஹாலோடு ஐசோசயனேட் சேர்ந்து, வார்த்த பாகத்தின் மேல்தோல் ஒட்டும் பிசுக்காகிவிடும். அச்சைக் கழற்றிய பிறகு ஒரு முழு நாளாவது காற்றோட்டமாகத் திறந்து வையுங்கள். இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது.

இரண்டு வகைக்கும் பொதுவான விஷயம், சிலிக்கானில் யூரித்தேன் ஒட்டாது. அதனால்தான் அதற்கு இத்தனை பெயர். ஆனால் ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் ஐசோசயனேட் கொஞ்சம் கொஞ்சமாக சிலிக்கானுக்குள் ஊறும். சில டஜன் தடவைக்குப் பிறகு அச்சு வறண்டு, ஓரங்கள் கிழியும். ஒவ்வொரு முறையும் ரிலீஸ் ஸ்பிரே அடித்தால் ஆயுள் கூடும்.

இணைய வீடியோக்களில், பாத்ரூம் இடுக்கு அடைக்கும் சிலிக்கான் டியூப்பைச் சோள மாவோடு பிசைந்து அச்சு செய்கிறார்கள். மெழுகுவத்திக்கு ஓகே. யூரித்தேனுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மாவு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மேலே சொன்ன ரஸ்க் கதைதான் திரும்ப வரும்.

சிலிக்கான் இல்லாமலும் நடக்கும்

கடைகளில் காய் நறுக்க விற்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை இருக்கே, அது பெரும்பாலும் பாலிஎத்திலீன். பசை பிடிக்காத பிளாஸ்டிக். அதில் டிரில் போட்டுத் துளை எடுத்தால், நேரான புஷ்ஷுக்கும் வாஷருக்கும் அதுவே அச்சு. அடியில் அதே பலகையின் இன்னொரு துண்டை வைத்து இறுக்கிவிடுங்கள். சாப்பாட்டு டப்பாக்களின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் பாலிபுரோப்பிலீன், 2 என்றால் பாலிஎத்திலீன். இரண்டிலும் யூரித்தேன் லேசாகத்தான் பிடிக்கும், மெழுகு ஒரு கோட் போட்டால் உரிந்து வந்துவிடும். கலக்கும் கப்பும் இந்த வகையாகவே இருக்கட்டும். காய்ந்தபின் மிச்சத்தை முழுசாக உரித்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாம்.

3டி பிரின்டர் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அச்சையே நேரடியாகப் பிரின்ட் செய்யலாம். மாஸ்டரே தேவையில்லை. தேய்ந்த பாகத்தின் அளவை வெர்னியரில் எடுத்து, தேய்வதற்கு முன் எப்படி இருந்திருக்குமோ அப்படி வரைந்துகொள்ளலாம் என்பது இதில் பெரிய லாபம். சிக்கல், அந்த அடுக்கு அடுக்கான கோடுகள். ஒவ்வொரு கோடும் யூரித்தேனுக்கு ஒரு கைப்பிடி. தேய்த்து, ஸ்பிரே பெயின்ட் அடித்து, அது நன்றாகக் காய்ந்தபின் மெழுகு பூசினால்தான் வரும். அச்சை இரண்டு மூன்று துண்டாகப் பிரியும்படி வடிவமைத்து, போல்ட் போட்டு இறுக்கினால் எடுப்பதும் சுலபம். பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியை நெருங்கினாலே இளகும் என்பதால், காயவைக்கிறேன் என்று மதிய வெயிலில் காருக்குள் வைத்துவிடாதீர்கள்.

நூற்றுக்கணக்கில் வேணும்னா அலுமினியம்தான். கோவை மாதிரி லேத் பட்டறைகள் நிறைந்த ஊரில் உருளை வடிவ அச்சைக் கடைந்து வாங்குவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. தொழிற்சாலைகளில் யூரித்தேன் ரோலர், சக்கரமெல்லாம் உலோக அச்சைச் சூடாக்கி வார்ப்பவைதான். ஆனால் அங்கே பயன்படும் சூடான முறை யூரித்தேனை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அவற்றில் பலவற்றைக் கெட்டியாக்கச் சேர்க்கும் மோக்கா என்ற ரசாயனத்தை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் வைத்திருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு. சாதாரண வெப்பத்தில் உறையும், மோக்கா இல்லாத வகையையே கேட்டு வாங்குங்கள்.

விளக்கெண்ணெய் தடவலாமா?

கூடவே கூடாது. சமையலறைப் பழக்கத்தில் நம் கை முதலில் எண்ணெய்க்குத்தான் போகும். அதிலும் விளக்கெண்ணெய் கெட்டியாக இருக்கே, நல்லா வழுக்குமே என்று தோன்றும். ஆனால் விளக்கெண்ணெய் இயற்கையாகவே ஒரு பாலியால். யூரித்தேனின் இரண்டாவது பாட்டிலில் இருக்கும் பொருளின் வேலையை அதுவும் செய்யும். ஆமணக்கெண்ணெயிலிருந்தே பாலியூரித்தேன் தயாரிக்கிறார்கள். ஒட்டாமல் இருக்கத் தடவியது ரப்பரோடு சேர்ந்து ரப்பராகிவிடும், அளவும் கெடும்.

மெழுகுதான் நல்லது. தரை, கார் பாலிஷ் மெழுகு பேஸ்ட்டை மெல்லியதாகப் பூசி, காயவிட்டு, துணியால் துடைத்து, இதையே மூன்று முறை செய்யுங்கள். அவசரத்துக்கு வாஸ்லின் உதவும், ஆனால் தடவிய விரல் ரேகை வரை பாகத்தில் அச்சாகிவிடும்.

சரி, நம்ம மிக்ஸி கால்?

அது ஒரு காளான் மாதிரி. அகலமான அடி, ஒடுங்கிய கழுத்து, ஓட்டைக்குள் அழுத்தி மாட்ட ஒரு சின்னத் தலை. கழுத்தில் பள்ளம் இருக்கிறது, மூணு வேணும், மாஸ்டரோ கந்தகம் கலந்த பழைய ரப்பர். ஆக, டின் சிலிக்கான்.

காலைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு போக, முழுசாக உலரவிடுங்கள். அகலமான அடிப்பக்கத்தை சன்மைக்கா பலகையில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். சுற்றிலும் 1 சென்டிமீட்டர் இடம் விட்டுச் சுவர் கட்டுங்கள். 3 சென்டிமீட்டர் அகலம், 2.5 உயரமுள்ள காலுக்கு 5-க்கு 5, உயரம் 3.5 போதும். 100 கிராம் சிலிக்கானில் முடிந்துவிடும். ஒரு மூலையிலிருந்து நூல் மாதிரி ஊற்றி, தானாக ஏறவிடுங்கள். மறுநாள் திருப்பி, காலை உருவி எடுத்தால், அச்சு ரெடி. அப்புறம் அந்த இரண்டு நாள் காத்திருப்பு.

ஒரு காலுக்கு எவ்வளவு ரப்பர் வேண்டும் என்று பார்க்க, அச்சில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அரிசியைக் கொட்டி, அதை மருந்துக் கப்பில் அளந்தால் தோராயக் கணக்கு கிடைத்துவிடும். 10, 12 கிராம் மாதிரி சின்ன அளவைக் கலக்கும்போது 1 கிராம் பிசகே பெரிய பிசகு. அதனால் சமையலறைத் தராசு உதவாது, 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். கோடையில் வேகமாகவும் இருக்கணும். டப்பாவில் '15 நிமிடம்' என்று போட்டிருந்தால் அது 25 டிகிரி அறைக்கான கணக்கு, மே மாத மதியத்துக்கானது இல்லை. ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்விக்கும் யோசனை வேண்டாம், வெளியே எடுத்ததும் பாட்டில் வேர்த்து, ஈரம் உள்ளே போகும்.

தலைப்பகுதி அச்சின் அடியில் இருக்கும், அங்கே காற்று மாட்டிக்கொள்ளும். முதலில் கொஞ்சம் ஊற்றி, பல் குச்சியால் அந்தப் பள்ளத்துக்குள் தடவி, அச்சைப் பக்கவாட்டில் இரண்டு மூன்று முறை பிசைந்துவிட்டு மீதியை நிரப்புங்கள்.

ஜன்னலைத் திறந்து வைத்து, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். ஐசோசயனேட் என்ற பெயரைக் கேட்டதும் 1984 போபால் நினைவுக்கு வரலாம். அங்கே கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். 39 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகக்கூடியது. வீட்டு யூரித்தேனில் பெரும்பாலும் இருக்கும் எம்.டி.ஐ. அறை வெப்பத்தில் மிகக் குறைவாகவே ஆவியாகும். ஆனால் ஐசோசயனேட் குடும்பம் மொத்தமும் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது, ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை ஆகிவிட்டால் அடுத்த முறை துளி அளவே போதும். வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் இதை மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள். வீசிங் உங்களுக்கே என்றால் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். சூடாக்குவது, ஸ்பிரே செய்வது இரண்டும் வேண்டாம்.

ஒரு அச்சு, மூணு கால், ஒரு நாளைக்கு ஒன்று. முதல் கால் மறுநாளே கையில் வந்துவிடும், ஆனால் முழு பலம் வர ஒரு வாரம் ஆகும். அதுவரை மிக்ஸி அதன்மேல் நிற்க வேண்டாம், பழைய துண்டை மடித்து அடியில் போட்டு அரைத்துக்கொள்ளுங்கள்.